தலெந்தா அக்காவின் வயிறு

கெஸ்ரா
3 மார்ச் 1996

அன்புள்ள தலெந்தா அக்காவுக்கு,

சலாம். இது கைக்கு வரும்போது நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே பெய்யாவும் பிள்ளைகள் இரண்டும் சுகம். உன் தம்பி மட்டும் அரைச் சுகம்.

ரமலான் போய்விட்டது. அது என் நெஞ்சில் மூட்டிவிட்டுப் போன நெருப்பு மட்டும் போகவில்லை. நோன்பு திறந்ததும் ஒரு கிண்ணம் ஷொர்பா, அதன்மேல் எண்ணெயில் பொரித்த பிரிக் நாலு, அதன்மேல் ஹரிஸா தடவிய ரொட்டி, கையோடு பாயில் சாய்ந்துவிடுவது. மாதம் முழுக்க இதே கதைதான். இப்போது படுத்தால் புளிப்பாகத் தொண்டை வரை ஏறி வருகிறது. காட்டிலிருந்து பைன் காய் மூட்டை மூட்டையாக வந்து கிடக்கிறது. சூளையில் அதைச் சுட்டு விதை உதிர்க்கக் குனிந்தால் நெஞ்சு எரிகிறது. பெய்யாவுக்குச் சிரிப்பு. "சூளை வெளியில இருக்கா, உங்களுக்குள்ள இருக்கா?" என்று கேட்கிறாள்.

பத்தொன்பது வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறவள் எனக்கு அக்காவாக இருந்து என்ன பிரயோஜனம்? எரிச்சலுக்கு நல்லதாக இரண்டு அட்டை அனுப்பு. லுவாஜ் வண்டி ஓட்டும் ஹசூனாவிடம் ஒரு ஜாடி ஹரிஸா கொடுத்தனுப்புகிறேன். இந்த வருஷ மிளகாய், உனக்குப் பிடித்த காரம்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் தம்பி,
தீஜானி


ஸ்ஃபாக்ஸ்
14 மார்ச் 1996

தீஜானிக்கு,

சலாம். நான் சுகம். பெய்யாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உனக்கு முதலில் திட்டு, பிறகு அன்பு.

நாலு பிரிக்கைத் தின்றுவிட்டு உடனே சாய்ந்தால் மாடுகூட எதுக்களிக்கும். ஹசூனாவிடம் பதினாலு காப்ஸ்யூல் கொடுத்திருக்கிறேன். கவனமாகப் படி. காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தினம் ஒன்று, தண்ணீரோடு முழுசாக விழுங்கு. எரிகிற அன்றைக்கு மட்டும் போடுவது, தின்ற பிறகு போடுவது, நன்றாகிவிட்டதென்று நாலாம் நாள் நிறுத்துவது எல்லாம் வீண் வேலை. பதினாலோடு சரி. அதற்கப்புறமும் எரிந்தால் என்னிடம் இன்னொரு அட்டை கேட்காதே, மக்தரில் டாக்டரிடம் போ. அமிலத்தை அடக்குகிற மருந்து வலியையும் அடக்கிவிடும். உள்ளே என்ன நடக்கிறதென்று நமக்குச் சொல்லாது.

முதுகு வலிக்கு ஒரு மாத்திரை போடுவாயே, அதைத் தொடவே தொடாதே. வயிற்றைத் துளைக்கிறதே அதுதான். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதே. கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல் வை. சாப்பாடு இறங்கச் சிக்கினால், உடம்பு காரணமில்லாமல் இளைத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போனால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் சொல்கிறேன். முதலாளி சீ லமீன் என்னைக் கடையின் ரேடியோ என்கிறார்.

ஹரிஸாவை அவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அனுப்ப வேண்டாம். நாளெல்லாம் நின்று என் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

தலெந்தா


கெஸ்ரா
9 ஏப்ரல் 1996

அன்புள்ள ரேடியோ அக்காவுக்கு,

சலாம். எல்லாரும் சுகம். நீ அடிக்க வராத தூரத்தில் இருப்பதால் உண்மையை எழுதுகிறேன்.

காப்ஸ்யூல் தொண்டையில் சிக்குமென்று பயந்து பெய்யா முதல் மூன்றைப் பிரித்தாள். உள்ளே கடுகு மாதிரி வெள்ளை உருண்டைகள். உரலில் போட்டு நைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். மூன்று நாளும் எரிச்சல் அப்படியே இருந்தது. நாலாம் நாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தவர், "அந்த உருண்ட குடல்ல போய்க் கரையணும். அத நைச்சிட்டா தேன்தான் மிச்சம், மருந்து போச்சு" என்றார். மிச்சம் பதினொன்றை நீ சொன்னபடியே முழுசாக விழுங்கினேன். செங்கல்லும் வைத்தாயிற்று. நான் இறங்கி இறங்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுகிறேன், ஆனாலும் நெருப்பு அணைந்துவிட்டது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்துவிடு. ஆடு பிடித்தாகிவிட்டது.

ஒன்று கேட்கட்டுமா? சின்ன வயதில் ஹரிஸாவைக் கரண்டியால் தின்றவள் நீ. அப்பா அதைப் பார்த்து உம்மாவிடம், "இவள மிளகா மண்டியில கட்டிக் குடுத்துரலாம்" என்பார். இந்த வருஷம் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறாய்?

தீஜானி


ஸ்ஃபாக்ஸ்
19 ஏப்ரல் 1996

தீஜானிக்கு,

சலாம். உன் எரிச்சல் அணைந்ததில் சந்தோஷம். பெய்யாவிடம் சொல், மருந்து அவள் உரலுக்காகச் செய்ததில்லை. வாத்தியாருக்கு என் சலாம்.

பெருநாளுக்கு வர முடியாது. கடையில் இன்னொரு பெண் பிரசவ லீவில் போயிருக்கிறாள். அதுவும் போக, ஆட்டுக்கறி இப்போதெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஹரிஸாவைப் பற்றித் துருவிக்கொண்டிருக்காதே. வயதாகிறது, காரம் குறைத்துக்கொண்டேன். எனக்கும் எப்போதாவது வயிறு கடிக்கும், அதே காப்ஸ்யூலை நானும் போட்டுக்கொள்கிறேன். அலமாரி என் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி அனுப்பியிருக்கிறேன்.

தலெந்தா


கெஸ்ரா
20 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. துணி பொருத்தமாக இருந்தது. உன் பங்குக் கறியை வாத்தியார் வீட்டுக்குக் கொடுத்தோம்.

மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் எரிச்சல் திரும்பி வந்தது. போச்சுடா என்று மக்தருக்குப் போனேன். நிறுத்தினால் வயிறு சில நாள் கோபித்துக்கொண்டு கூடுதலாக அமிலம் சுரக்கும், பயப்படாதே, பொறுத்துக்கொள் என்றார் டாக்டர். பொறுத்தேன், தானாகவே போய்விட்டது. என் கதை அவ்வளவுதான்.

உன் கதைக்கு வருகிறேன். அந்த டாக்டர் என்னிடம் நாலு கேள்வி கேட்டார். எத்தனை நாளாக எரிகிறது, இளைத்தாயா, வலிமாத்திரை போடுகிறாயா, வீட்டில் யாருக்காவது வயிற்றில் நோய் இருந்ததா. கடைசிக் கேள்விக்கு, வயிற்றுப் புற்றில் போன அப்பாவைச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அந்த நாலு கேள்வியும் எனக்கானது இல்லை, உனக்கானது என்று தோன்றியது.

துணியை உன்னிடம் வாங்கி வந்த ஹசூனா, "அக்கா பாதியாயிட்டாங்க" என்றான். உன் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, நீயே எழுதினாய். அதற்கு என்ன போடுகிறாய்? காப்ஸ்யூலை எவ்வளவு காலமாக விழுங்குகிறாய்? எப்போதாவது என்கிற கதையெல்லாம் வேண்டாம், வருஷக் கணக்கில் சொல்.

தூக்கம் வரவில்லை அக்கா. பதில் எழுது.

தீஜானி


ஸ்ஃபாக்ஸ்
2 ஜூன் 1996

தீஜானிக்கு,

சலாம். கேட்டாய், சொல்கிறேன். இரண்டு வருஷம். தினமும். ஆரம்பத்தில் ஒன்று, இப்போது காலையும் மாலையும். முழங்காலுக்கு நான் உனக்குத் தொடாதே என்று எழுதிய அதே மாத்திரை. அது வயிற்றைக் கடிக்கும், இது அடக்கும். இப்படியே ஓடுகிறது.

டாக்டரிடம் போனால் வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குத்தான் நான் போகவில்லை. அப்பாவுக்குக் குழாய் விட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். நீ அறைக்கு வெளியே இருந்தாய். உள்ளே பார்த்துவிட்டு டாக்டர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்க் கைகழுவினார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் பதினெட்டு வருஷமாக என் காதில் இருக்கிறது. எனக்காக ஒரு டாக்டர் அப்படிக் கைகழுவப் போவதை என்னால் பார்க்க முடியாது.

பெய்யாவிடம் சொல்லாதே. மீலாது நபி கழியட்டும், பார்க்கலாம்.

தலெந்தா


கெஸ்ரா
15 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். பெய்யாவிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். அழுதாள், உன்னைத் திட்டினாள், பிறகு இரண்டு கிலோ ஸ்கூகுவை, அந்தக் கறுப்புப் பைன் விதையை, உட்கார்ந்து புடைத்து மூட்டையாகக் கட்டினாள். நான் என் கையால் சுட்டு உதிர்த்தது. பால் காய்ச்சிக் கறுப்புக் கூழ் கிண்டி உன் தெருவுக்கே கொடு. மீலாதுக்கு எங்கள் பைன் மரம் உன் வீட்டில் இருக்கட்டும்.

ஆனால் மீலாதுக்கு மறுநாள் நீ குழாய்ப் பரிசோதனைக்குப் போகிறாய். இது பேச்சுவார்த்தை இல்லை. உனக்கு வந்திருப்பது அப்பாவுக்கு வந்ததுதான் என்று யார் சொன்னார்கள்? புண்ணாக இருக்கலாம், ஆற்றிவிடலாம் என்று மக்தர் டாக்டர் சொல்கிறார். பார்த்தால்தானே தெரியும்? இந்த முறை நான் அறைக்கு உள்ளே நிற்கிறேன். அதுவரைக்கும் முழங்கால் மாத்திரையை மட்டுமாவது நிறுத்து.

சரி என்று ஒரு வரி எழுது. ஒரே வரி.

தீஜானி


கெஸ்ரா
21 ஜூலை 1996

அக்காவுக்கு,

சலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உன் ஒரு வரி வரவில்லை. தபால்காரனைக் கண்டாலே வழியில் நிறுத்தி விசாரிக்கிறேன், அவன் இப்போது வேறு சந்தால் போகிறான். அத்தி பழுத்துத் தரையில் கிடக்கிறது, பொறுக்க மனமில்லை.

கடைக்கு இரண்டு தரம் போன் போட்டேன். ஒரு தரம் நீ சாப்பாட்டுக்குப் போயிருந்தாய், ஒரு தரம் கூட்டம் என்று வைத்துவிட்டாய். மூட்டையைக் கொடுத்துவிட்டு வந்த ஹசூனாவிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாசலுக்கு வந்தாங்க" என்றான்.

என்மேல் கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தீஜானி


ஸ்ஃபாக்ஸ்
2 ஆகஸ்ட் 1996

அன்புள்ள தம்பி தீஜானிக்கு,

சலாம். மீலாது வாழ்த்துகள். தாமதத்துக்குக் கோபிக்காதே, கடையில் ஒரே கூட்டம். ஸ்கூகு அருமை. கல்லோ தூசியோ ஒன்றில்லை, பெய்யாவின் கைக்கு ஒரு முத்தம். அரைத்து, வடிகட்டி, மூன்று மணி நேரம் நின்று கிண்டினேன். மேலே வெள்ளைப் பாலேடு, அதன்மேல் பாதாமும் பிஸ்தாவும். சீ லமீன் வீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு, ஆசாரி வீட்டுக்கு என்று பதினாறு கிண்ணம் போயிற்று. மிச்சத்தை நானே தின்றேன். காரமில்லாததால் சுகமாக இறங்கியது.

நின்று கிண்டியதில் முழங்கால் பேசவே விடவில்லை. மாத்திரையை நிறுத்தியிருந்தேன், மறுபடி நாலு நாள் கூடுதலாகப் போட வேண்டி வந்தது. வெயில் வேறு, தலை கிறுகிறுக்கிறது. சீ லமீன் என்னை உட்கார்ந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்.

உன் ஸ்கூகு செய்கிற வேலை, ஐந்து நாளாக வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. முதல் நாள் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிறகு ஞாபகம் வந்தது, நான் தின்றது என்ன நிறமென்று. நினைத்து நினைத்துச் சிரித்தேன். கெஸ்ரா காடு முழுக்க என் வயிற்றில்.

பரிசோதனைக்கு அடுத்த மாதம் போகிறேன். சத்தியம்.

உன் அக்கா,
தலெந்தா


கெஸ்ரா
6 ஆகஸ்ட் 1996
தபாலில் அல்ல, ஹசூனா கையில்

அக்காவுக்கு,

இதை உன் கையில் கொடுக்காதே, சீ லமீன் கையில் கொடு என்று ஹசூனாவிடம் சொல்லியிருக்கிறேன். காலையிலிருந்து கடைக்குப் போன் போடுகிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. ஹசூனாவின் வண்டியில் இடமில்லை. அடுத்த வண்டியில் நான் வருகிறேன்.

முப்பத்தாறு வருஷமாக ஸ்கூகு தின்கிறவன் நான். சூளை வாசலில் நின்று பச்சையாகவே அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறவன். மறுநாள் நிறம் கொஞ்சம் கருத்திருக்கும், ஒரு நாள், அவ்வளவுதான். ஐந்து நாள் தாராகப் போனது என் ஊரில் ஒருத்தருக்கும் கிடையாது. எந்தக் கூழும் தலையைச் சுற்ற வைக்காது. அது ரத்தம் அக்கா. மருந்து உனக்குத் தெரியும், ஸ்கூகு எனக்குத் தெரியும்.

நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். ஒரு பொம்பளை உன் கடைக்கு வருகிறாள். இரண்டு வருஷமாகக் காப்ஸ்யூல், கூடவே வலிமாத்திரை, பாதி உடம்பு, மயக்கம், ஐந்து நாளாகக் கறுப்பு. கூழ் தின்றேன் என்று சிரிக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வாய்? அட்டையைக் கொடுத்து அனுப்புவாயா?

சீ லமீன் ஐயா, படித்ததும் அவளை உட்கார்ந்தபடியே வண்டியில் ஏற்றுங்கள். கத்துவாள், கேட்காதீர்கள்.

தீஜானி


ஸ்ஃபாக்ஸ்
12 செப்டம்பர் 1996

அன்புள்ள தீஜானிக்கு,

சலாம். பெய்யாவுக்கும் பிள்ளைகளுக்கும் முத்தங்கள். நீ ஊர் திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சீ லமீன் என்னை ஏற்றிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்த சதைத்துண்டின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புண்தான். அப்பாவுக்கு வந்தது இல்லை. சீ லமீன் காகிதத்தைப் படித்துச் சொன்னார், நான் நம்பாமல் வாங்கி நானே படித்தேன். பிறகு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

வயிற்றில் ஒரு கிருமியும் இருந்திருக்கிறது. அதற்கான மாத்திரைகள் தீர்ந்தன. காப்ஸ்யூல் இன்னும் ஆறு வாரம், டாக்டர் எழுதிய அளவில், நிறுத்த வேண்டிய தேதியும் போட்டு. முழங்கால் மாத்திரைகளை நீ குப்பையில் கொட்டினாய் அல்லவா, அப்படியே இருக்கட்டும். இப்போது வெந்நீர் ஒத்தடமும் ஒரு நாற்காலியும்தான். புண் ஆறிவிட்டதா என்று பார்க்க மறுபடி குழாய் விட வேண்டும். போவேன்.

நீ அறையில் என் கையைப் பிடித்திருந்தபோது ஒன்று சொல்ல நினைத்தேன், வாயில் குழாய் இருந்தது, பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். அப்பாவுக்கு வயிற்று வலியை அடக்கும் அந்த வெள்ளை மருந்தை மாதா மாதம் அனுப்பியது நான்தான். கடையில் சேர்ந்த புதிது. என் மகள் மருந்துக் கடையில் இருக்கிறாள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். வலி நின்றுவிட்டது மகளே, இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பு என்று எழுதுவார். நானும் பெருமையாக அனுப்பினேன். ஒரு வருஷம். உள்ளே இருந்ததை நான் மூடி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் போன பிறகுதான் ரேடியோ ஆனேன். வருகிறவர்களையெல்லாம் டாக்டரிடம் விரட்டுகிறேன். அப்பாவை விரட்டவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

தலெந்தா


கெஸ்ரா
16 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். முடிவைக் கேட்டுப் பெய்யா தெருவுக்கே அத்திப்பழம் கொடுத்தாள். யாருக்கும் காரணம் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நானும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. பதினெட்டு வருஷம் தாமதம்.

அப்பாவுக்குத் தெரியும். உன் பாட்டில்கள் வருவதற்கு முன்னாலிருந்தே அவருக்குக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. காட்டில் காய் பறிக்கப் போன இடத்தில் அவர் மறைவாக ஒதுங்கினார், மயங்கி விழுந்தார், நான் போய்த் தூக்கினேன். அப்போது பார்த்தேன். எனக்குப் பதினேழு வயது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "ஸ்கூகு தின்னேன்டா, வேற ஒண்ணுமில்ல. அக்காகிட்ட மூச்சு விடாத. அவ டாக்டர், ஆஸ்பத்திரின்னு வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா. குர்ஆன் மேல ஆணையா சொல்லு." சொன்னேன். அது பொய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அவர் ஸ்கூகு தின்று நாலு மாதம் ஆகியிருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். நீ மருந்து அனுப்பினாய், தெரியாமல். நான் தெரிந்தே சும்மா இருந்தேன். உன்னிடமிருந்து அதே வார்த்தை கடிதத்தில் வந்தபோது அதைக் கையில் பிடித்தபடியே போனுக்கு ஓடினேன்.

அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா, தெரியாது. நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. நீ பிழைத்துவிட்டாய், அது தெரிகிறது.

என்னையும் நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். ஆனால் எழுது, அக்கா.

தீஜானி